திரும்பி வந்த நெய்ச்சோறு

1

காலையில் கலும்பாங்கிற்குப் போன நெய்ச்சோறு அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது. தூக்குச்சட்டியைச் சுற்றி நான் கட்டிய துணியின் முடிச்சுகூட அவிழவில்லை. உள்ளே நெய்ச்சோறு, தாளிச்சா, இறைச்சி ஆனம், மேல் அடுக்கில் என் மனைவி ஜொஹரா ஊர்ப் பக்குவத்தில் வேகவைத்த வட்டிலப்பம். லோரிக்கார மஸ்தான் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “வேணாம்னுட்டாங்க பாய். மரியாதையாத்தான் சொன்னாங்க. ஆனா வேணாம்னுட்டாங்க” என்றார்.

கடல் கடந்து வந்து இந்தப் புஞ்சாக் ஆலாமில் பல வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். குழம்பில் உப்புக் கூடிப்போன நாளில்கூட ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டுப் போனார்களே தவிர, யாரும் சட்டியைத் திருப்பி அனுப்பியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதற்கும் மேலே வெட்கம் வந்தது. பையன்கள் முன்னால் காட்டிக்கொள்ளாமல் மீதிச் சில்லறையை எண்ணுவது போல நின்றேன்.

சோறு போனது தேவகி என்ற பெண்ணுக்கு. என் மகள் நஸ்ரினோடு வாரம் ஒரு நாள், புதன்கிழமை பிற்பகலில், கைபேசித் திரை வழியாகப் பேசுகிறவர். பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனச்சங்கடங்களைக் கேட்டு, அவர்கள் பழக்கங்களை மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ள உதவுவது அவர் தொழில். நேரில் பார்த்ததே கிடையாது. எங்கள் கடையில் ஒரு தேத்தண்ணிகூடக் குடித்ததில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் முதலில் கேட்கப் போவது எனக்குத் தெரியும். “புள்ளைக்கு அப்படி என்னவாம்?” அதை நான் எழுதப் போவதில்லை. இதை நஸ்ரினுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். மற்றதையெல்லாம் சொல்லலாம் என்று உத்தரவு.

2

எங்கள் ஊர் தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. அங்கே நாங்கள் சஹனில் சாப்பிடுவோம். பெரிய வட்டத் தாம்பாளம். அதில் சோறு குவித்து, சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்தில் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். நல்ல இறைச்சித் துண்டு உன் பக்கம் கிடந்தால், எதிரில் இருப்பவர் பக்கம் விரலால் தள்ளிவிட வேண்டும். தள்ளுகிறவர் அதைச் சொல்லக் கூடாது, வாங்குகிறவர் நன்றி சொல்லக் கூடாது. இங்கே கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருக்கிறோம். வாரத்தில் மற்ற நாள் எல்லாம் ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டினால் மாலைவரை திறப்பதில்லை. அன்று மட்டும் நான், ஜொஹரா, எங்கள் ஒரே மகள் நஸ்ரின் மூவரும் ஒரே சஹன்.

பதினாறு வயதில் நஸ்ரின் அந்தச் சஹனுக்கு வருவதை நிறுத்தினாள். முதலில் பசியில்லை என்றாள். அப்புறம் காரணம் சொல்வதையும் நிறுத்தினாள். பள்ளிக்கு ஒரு நாள் போனால் இரண்டு நாள் போவதில்லை. பகலெல்லாம் தூக்கம். கடைக்குள் இறங்கினாலே யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளை, பின்படிக்கட்டு வழியாகப் போய்வர ஆரம்பித்தாள். சஹனில் அவள் பக்கத்துச் சோறு அப்படியே மேடாகக் கிடக்கும். ஜொஹரா அதைக் கலைக்காமல் எழுந்துவிடுவாள். எனக்கு அந்த மேட்டைப் பார்க்கவே பிடிக்காது.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். அதட்டினேன். புதுக் கைபேசி வாங்கித் தந்தேன். பிறகு அந்தக் கைபேசியாலேயே எல்லாம் கெட்டது என்று பிடுங்கி வைத்தேன். பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஹஜ்ரத்திடம் ஓதச் சொன்னேன். அவர் ஓதினார். ஓதி முடித்துவிட்டு, “இது ஓதுறதும் வேணும், இதுக்குன்னு படிச்சவங்களும் வேணும் பாய். ரெண்டுல ஒண்ணு போதும்னு நினைக்காதீங்க” என்றார். அதே வாரம் பள்ளியில் இருந்தும் ஓர் ஆசிரியை கூப்பிட்டு, இணையவழியாக உதவி செய்கிற ஓர் இடத்தைச் சொன்னார். தமிழ் பேசுகிறவரே கிடைப்பார் என்றார்.

அதில் சேர்வதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். கூடவே பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வித்தாள். “உங்கள் பிள்ளை சரியாகத் தூங்குகிறாரா? வீட்டாருடன் பேசுகிறாரா?” ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில், ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை. இந்த நாட்டில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கிறவனுக்குக் கேள்வித்தாள் என்றால் ஒரே பழக்கம்தான். எந்த அலுவலகத்திலும் நல்லவனாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல்தரமான பதிலாகப் பார்த்துத் தட்டினேன். நன்றாகத் தூங்குகிறாள், நன்றாகப் பேசுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பற்றி எழுதினால்கூட இவ்வளவு தாராளமாக எழுதியிருக்க மாட்டேன்.

முதல் நாள் திரையில் வந்த தேவகி அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. “அங்கிள், இதுல நஸ்ரின் ரொம்ப நல்லா இருக்காங்கன்னு போட்டிருக்கீங்க. அப்ப ஏன் இங்க வந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரின் முதல்முறையாகத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் தலை தூக்கியதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அன்றே தேவகி ஒரு விதியையும் சொன்னார். “நஸ்ரின் என்கிட்ட பேசுறது என்கிட்டயே இருக்கும். அவங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா கண்டிப்பா உங்ககிட்ட சொல்லுவேன். மத்தது அவங்க சொன்னாத்தான் உங்களுக்கு.” நான் தலையாட்டினேன். எங்கள் கடையில் எல்லா விதிக்கும் தலையாட்டுவோம். விலக்கு எங்கே கிடைக்கும் என்று பிறகு பார்ப்போம். “மிஸ்ஸுக்கு எந்த ஊரு?” என்று கேட்டேன். “கலும்பாங் பக்கம் அங்கிள்.” “எந்த எஸ்டேட்?” என்றேன். நஸ்ரின் என் காலை மிதித்தாள்.

3

நான் இங்கே வந்த புதிதில் ஊரில் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. பக்கத்து வீட்டுக்குத்தான் கூப்பிடுவேன். அவர்கள் போய் என் வீட்டாரைக் கூட்டிவருவதற்குள் தெருவே கூடியிருக்கும். என் சம்பளம், என் காய்ச்சல், என் கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் அந்தத் தெரு என்னோடு சேர்ந்தே கேட்டது. இப்போது ஆளுக்கொரு கைபேசி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுவோம். தனியாகப் போய்ப் பேசுகிறவன் கடன் கேட்கிறான், அல்லது கள்ளத்தனம் செய்கிறான்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாகப் பேச இடம் ஏது? மேல்மாடி அறைகளுக்கு நடுவில் பலகைத் தடுப்புதான். அடுத்த அறையில் பரோட்டா மாஸ்டர் கொட்டாவி விட்டால் எங்களுக்கு வாய் திறக்கும். இரண்டாவது வாரம் ஜொஹரா தேநீரோடு உள்ளே போய், திரையில் தேவகிக்கு ஸலாம் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு, அங்கேயே கட்டிலில் உட்கார்ந்தும்விட்டாள். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. மூன்றாவது வாரம் நஸ்ரினே இடம் கண்டுபிடித்தாள். கடைக்குச் சாமான் ஏற்றும் வேன். கடைக்குப் பின்னால் நிற்கும், கதவை மூடினால் சத்தம் வெளியே வராது. குளிரூட்டியும் உண்டு.

வேனின் சாவியைக் கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருப்பேன். புதன்கிழமை மதியக் கூட்டம் கலைந்ததும் அவள் அதை எடுத்துக்கொண்டு போவாள். வேனின் முகப்பு கடையைப் பார்த்தபடி இருக்கும். கல்லாவில் இருந்து பின்வாசல் வழியாகப் பார்த்தால் அவள் முகம் தெரியும். பேச்சு கேட்காது, வாய் அசைவது மட்டும் தெரியும். ஒருநாள் சிரித்தாள். ஒருநாள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த அன்று ஒரு வாடிக்கையாளருக்குப் பத்து வெள்ளிக்குப் பதில் ஐம்பது வெள்ளி மீதி கொடுத்திருக்கிறேன். நல்ல மனிதர், திருப்பித் தந்தார்.

ஊருக்கு வேறு கதை சொல்லியிருந்தேன். லாத்தா, அதாவது என் அக்கா, வாரம் தவறாமல் கூப்பிடுவாள். “புள்ள எங்கெ தம்பி?” என்றபோது வாயில் வந்தது, “டியூசன்ல இருக்கா.” “என்ன பாடம்?” “கணக்கு.” அடுத்த வாரம், “கணக்குல எவ்வளவு வாங்குனா?” என்று கேட்டாள். பொய் சொன்ன வாய்க்கு மார்க்கும் போட வேண்டியதாயிற்று. தொண்ணூறு என்றேன். ஊரில் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பள்ளிக்கே ஒழுங்காகப் போகாத பிள்ளை, எங்கள் ஊரில் கணக்கில் புலியாகிவிட்டாள்.

இதற்கிடையில் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. வாரத்தில் நாலு நாள் பள்ளிக்குப் போனாள். கடைக்குள் முன்வாசலால் வந்தாள். ஒருநாள் மாஸ்டரிடம் ஓர் உருண்டை பரோட்டா மாவு கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனாள். மறுநாளும் கேட்டாள். மகளுக்குத் தொழிலில் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. “கைக்கு ஏதாவது வேல இருக்கணும்னு மிஸ் சொன்னாங்க. அவ்ளோதான்” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சஹனுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

4

நான் நெய்ச்சோறு அனுப்பியதற்கு இரண்டு காரணம். ஒன்று, நன்றி. பிள்ளைக்கு நல்லது செய்தவரின் கை வெறுங்கையாக இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஓதிக்கொடுத்த உஸ்தாத் முதல் பிரசவம் பார்த்த மருத்துவச்சி வரை எங்கள் வீட்டுச் சட்டி போகாத வீடு கிடையாது. இன்னொரு காரணமும் இருந்தது. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நம் சோற்றைச் சாப்பிட்டவர் நம் ஆள். நம் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். ‘என்னம்மா, புள்ள என்ன சொல்லுது?’ என்று. புலம்பெயர்ந்த இடத்தில் எங்களுக்குச் சொந்தபந்தம் இப்படித்தான் உண்டாயிற்று. காவல் நிலையத்தில், நகராண்மைக் கழகத்தில், மருத்துவமனையில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் எங்கள் சோறு சாப்பிட்டவர்கள்தான்.

மஸ்தான் புக்கிட் செந்தோசாவுக்கும் அதைத் தாண்டி வடக்கே கலும்பாங் வரைக்கும் கடைகளுக்குச் சாமான் போடுகிறவர். சின்ன ஊர். திரை முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசுகிற தமிழ்ப் பெண் என்று மளிகைக் கடையில் விசாரித்தாராம். அரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றிருக்கிறார்.

சட்டி திரும்பி வந்த மறுநாள் தேவகி என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டேன். “அங்கிள், ஸ்பீக்கர்ல இருக்கா? கொஞ்சம் எடுத்துடுங்களேன்” என்றார். எடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். உங்க மனசு எனக்குப் புரியுது. எங்க தொழில்ல வாங்கக் கூடாது. அது மட்டும் இல்ல, நான் இன்னைக்கு உங்க சோறு சாப்பிட்டா, நாளைக்கு நீங்க கேப்பீங்க. எனக்கும் இல்லன்னு சொல்ல வாய் வராது. அப்புறம் நஸ்ரின் யார்கிட்ட பேசுவாங்க?”

நான் ஏதோ சமாளித்தேன். அவர் தொடர்ந்தார். “இன்னொன்னு. வீடு தேடி ஆள் வந்தது எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு. அம்மாவும் நானும் மட்டும்தான் இருக்கோம்.” இது என் புத்தியில் ஏறவே இல்லாத விஷயம். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல. ஆனா இத நான் நஸ்ரின்கிட்ட சொல்லணும். மறைக்க முடியாது. அவங்களுக்கு வேற ஆள் வேணும்னாலும் மாத்திக் குடுப்பாங்க.”

“சொல்லாம விட்டுடுங்க மிஸ்” என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகளிடம் கெஞ்சியிருக்கிறேன், பாதியாவது நடந்திருக்கிறது. இந்தப் பெண்ணிடம் நடக்கவில்லை.

5

அடுத்த புதன்கிழமை வேனில் இருந்து நஸ்ரின் சீக்கிரமே இறங்கி வந்தாள். சாவியை ஆணியில் மாட்டவில்லை, கல்லா மேலேயே போட்டாள்.

“அத்தா, மிஸ் வீட்டுக்கு ஆள் அனுப்புனீங்களா?”

“சோறுதானம்மா...”

“மிஸ் நம்ம கஸ்டமர் இல்ல லா அத்தா! நம்ம கடை, நம்ம மாடி, பள்ளிவாசல், ஸ்கூல், எங்க போனாலும் உங்க ஆளுங்கதான். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அவங்க ஒருத்தங்கதான் நம்ம ஆளு இல்லாதவங்க. அவங்களையும் நம்ம ஆளாக்கப் பாத்தீங்க.”

கடையில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். நான் அவளை அதட்டியிருப்பேன். ஆனால் அவள் குரலில் கோபத்தைவிட அழுகை கூடுதலாக இருந்தது. பின்படிக்கட்டு வழியாக மேலே போனாள்.

அதற்கப்புறம் எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. பள்ளி இல்லை. மாவு உருண்டை கேட்கவில்லை. புதன்கிழமை வந்தது. தேவகியும் பேசத் தயாராக இருந்தார், வேறு ஆள் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். நஸ்ரின் அறையை விட்டு வரவில்லை. சாவி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தது. திரும்ப அந்தப் பழைய இருட்டுக்குள் போய்விட்டால் இந்த முறை யார் கூப்பிட்டு வருவாள் என்ற பயம். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் ஓடாமல் அந்தச் சாவியையே பார்த்தேன்.

“நான் போயி பேசுறேன்” என்றேன் ஜொஹராவிடம்.

“நீங்க பேசுனா இன்னும் ஒரு சட்டி சோறு அனுப்புவீங்க. பேசாம ஏதாவது செய்யுங்க” என்றாள். என் மனைவி அதிகம் பேச மாட்டாள். பேசினால் கறிக்கத்தி.

என்ன செய்வது என்று வேனைப் போய்ப் பார்த்தேன். அவள் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். நேர் எதிரே பின்வாசல், அதற்குள்ளே கல்லா, கல்லாவில் இருக்கும் என் நாற்காலி. இத்தனை வாரமும் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவளும்தான் என்னைப் பார்த்திருக்கிறாள். தகப்பன் இருபதடி தூரத்தில் உட்கார்ந்து முகத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசும்? இது ஸ்பீக்கரில் போடுவதற்குச் சமம்தான்.

வேனை எடுத்துப் பின்பக்கத்துக் கடைசி மூலைக்குக் கொண்டுபோய், முகப்பைச் செம்பனைத் தோட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினேன். கடையில் இருந்து பார்த்தால் பின்கதவு மட்டும்தான் தெரியும். சாமான் இறக்கத் தூரம் என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். “இனி அங்கதான் நிக்கும்” என்றேன். மஸ்தானைக் கூப்பிட்டு, அந்த வீட்டு வழியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் அறை ஜன்னல் பின்பக்கம்தான் பார்க்கும்.

6

அடுத்த புதன்கிழமை மதியக் கூட்டத்தில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் பரீட்சை முடித்துக் கும்பலாக வந்துவிட்டார்கள். கூட்டம் ஓய்ந்து ஆணியைப் பார்த்தால் சாவி இல்லை. எழுந்து பின்வாசலுக்குப் போகக் கால் துடித்தது. போகவில்லை. மேசை துடைக்கும் துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசைகளையே மறுபடி துடைத்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு, “பாய், தங்கச்சி ஒரு உருண்ட மாவு வாங்கிட்டுப் போச்சு” என்றார். “கடையைப் பாரு” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

இணையத்தில் பேசினால் மனம் சரியாகிவிடுமா என்று ஊரில் கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு நாளில் எதுவும் மாறவில்லை. ஒரு வாரம் நல்லா இருந்தாள், ஒரு வாரம் சரிந்தாள், திரும்ப எழுந்தாள். முன்பெல்லாம் சரிந்தால் சரிந்த இடத்திலேயே கிடப்பாள். இப்போது எழுந்திருக்க அவளுக்கு வழி தெரிகிறது. அந்த வழியை நான் காட்டவில்லை. நான் வேனைத் திருப்பி நிறுத்தினேன், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மேலே வந்தேன். ஜொஹரா சஹனில் நெய்ச்சோறு போட்டு வைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பிஸ்மி சொல்லிக் கை வைக்கப் போகும்போது நஸ்ரின் வந்து சஹனில் தனக்கான பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜொஹரா என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று எழுதியிருந்தது. நான் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் மூன்று பேரும் தாளிச்சாவைப் பற்றிப் பேசினோம். புளி கூடுதலா, குறைவா என்று.

பிறகு அவளாகவே சொன்னாள். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். யாரும் கேட்காமல், தன் பக்கத்துச் சோற்றை விரலால் அளைந்துகொண்டே சொன்னாள். வாரக்கணக்கில் நான் வேனின் கண்ணாடியில் வாசிக்க முயன்றதும், கலும்பாங் வரை சோறு அனுப்பிக் கேட்க நினைத்ததும் அந்த நாலைந்து வார்த்தைதான். ஜொஹராவின் கை சஹனிலேயே நின்றுவிட்டது. “சரிம்மா” என்றேன். அவளும் அதற்கு மேல் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து லாத்தாவின் அழைப்பு. இடது கையால் கைபேசியை எடுத்தேன். ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்தேன். அவளுக்கே அது வித்தியாசமாக இருந்திருக்கும்.

“என்ன தம்பி, சத்தமே இல்ல? புள்ள டியூசனா?”

மகளைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள், சொல்லிக்கொள்ளுங்கள் என்பது போல.

“டியூசன் இல்ல லாத்தா. அது நான் சொன்ன பொய். மனசு சரியில்லாம இருந்துச்சு, ஒரு மிஸ்கிட்ட பேசுறா. இப்ப என்கூட சஹன்ல உக்காந்திருக்கா.”

அந்தப் பக்கத்தில் இருந்து எங்கள் ஊருக்கே உரிய அந்தக் கேள்வி வந்தது. “அல்லாவே! மனசுல என்னவாம்? என்ன சொன்னா புள்ள?”

“எனக்குச் சொன்னா லாத்தா” என்றேன். “எனக்குத்தான் சொன்னா.”

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தேன். எதிரே நஸ்ரின் பக்கத்தில் இருந்து ஓர் இறைச்சித் துண்டு மெதுவாக நகர்ந்து என் பக்கம் வந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை எடுத்துச் சாப்பிட்டேன்.